அரக்குக் கிண்ணத்தின் மூடி

மூடி திறக்கவில்லை.

இரு விரலால் பற்றி இழுத்தாள். கறுத்துப் பளபளத்த அரக்குக் கிண்ணம் மூடியோடு சேர்ந்தே மேலெழுந்தது. திரும்ப வைத்தாள்.

திறவாதிருப்பதே நன்று என்று ஓர் எண்ணம்.

கனசாவா நகரின் பேர்போன ஜப்பானிய உணவில்லம். கோரைப்பாய் விரித்த அறை. எதிரே, மாப்பிள்ளையாக வரப்போகும் ரியோத்தாவும் அவனைப் பெற்றவர்களும். அருகில் மகள் நப்பின்னை. இரு வீட்டாரும் கூடி உண்ணும் முதல் வேளை.

இந்நாட்டில் தெளிந்த சாறென்றாலே உலர்ந்த மீனைச் சீவிப் போட்டு வடித்தது என்பதை விமானத்தில்தான் படித்தாள். இறைச்சி ஆகாதென்று மகள் இவர்களிடம் சொல்லியிருந்தாள். அந்தச் சாற்றை இங்கே யார் மீனென்று எண்ணுவார்கள்?

பருகினால், அறுபது ஆண்டு நியமம் போயிற்று.

பருகாமல் எழுந்தால், அழைத்தவர் முகம் வாடும். மகளின் முகமும்.

நாவடியில் திருநாமம் ஓடிக்கொண்டிருந்தது. கஜேந்திரனுக்காவது முதலை கண்ணுக்குத் தெரிந்தது. இவளுக்கு மூடியிருந்தது.

சம்பந்தியம்மாள் எழுந்து வந்து முழந்தாளிட்டாள். கிண்ணத்தின் விளிம்பை இரு புறமும் மெல்ல அழுத்தினாள். கிண்ணம் ஒரு சிறு மூச்சு விட்டது. மூடி கழன்றது.

ஆவி. கடற்பாசி, காளான், ஏதோ எலுமிச்சையின் தோல்.

மணத்தை நம்பலாமா? கை எழவில்லை.

சம்பந்தியம்மாள் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். கேட்ட நப்பின்னைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிற்று.

"அம்மா, நாலு நாளா இவா இந்த ஹோட்டல் தளிகையுள்ளுக்கு நடையா நடந்திருக்கா. மீன் படாத பாத்திரமா புதுசு வாங்க வெச்சு, வெறும் கடல்பாசியில சாறு எடுக்கச் சொல்லியிருக்கா. தனியா வெச்சா நீ கூச்சப்படுவியோன்னு எல்லாருக்கும் இதேதானாம். மாமா மூஞ்சியைப் பாரேன்!"

பார்த்தாள்.

ரியோத்தாவின் தந்தை, வாழ்நாளெல்லாம் மீன் வணிகம் செய்த பெரியவர், ஏகாதசிப் பட்டினியில் அகப்பட்டுக்கொண்ட பிள்ளையைப் போலக் கிண்ணத்துக்குள் நோக்கியிருந்தார்.

அவள் இரு கையாலும் ஏந்தினாள். தீர்த்தம் கொள்வதுபோல் ஒரு மிடறு.

இன்னொரு மிடறு.

விடுதிக்குத் திரும்பி உண்பதற்கென்று கைப்பையில் சத்துமாவும் மாவடுச் சீசாவும் ஒளித்து வைத்திருந்தாள். சத்துமாவு கிடக்கட்டும். சீசாவை எடுத்தாள். மூடியைத் திருகினாள். தாழ்மேசையின் மேல், பெரியவர் பக்கமாக மெல்ல நகர்த்தினாள்.

பெரியவர் மனைவியைப் பார்த்தார்.

மனைவி எதையும் காணாதவள்போல் சன்னலுக்கு வெளியே, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.