செல்லோவும் தாழ்ப்பாளும்

பெனிட்டா அமைத்த இசை முதன்முறையாகப் பெரிய அரங்கில் ஒலிக்கப்போகிறது. ஒலிக்கலவை மேசையில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் கைகுலுக்கிக்கொண்டிருந்தான் கணவன் ஜெபசிங். விளக்குகள் அணைந்தன. மேடையில் செல்லோ என்ற தந்தி வாத்தியம் மெல்ல முனகத் தொடங்கியதும், சுற்றியிருந்த ஒலிபெருக்கிகளில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் இழுத்துப் போடப்பட்டது. வெளியே போகும்போதெல்லாம் அவளை உள்ளே வைத்து அவன் பூட்டுகிற சத்தம். அறைக்குள்ளிருந்து அதை அவள் பதிவுசெய்திருந்தாள்.

“இது நம்ம வீட்டுக் கதவா?” என்று காதருகே கேட்டான்.

“ஆமாங்க.”

“நிறுத்து.” அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்க்கவும் கையை எடுத்துக்கொண்டு எழப்போனான்.

பெனிட்டா ஒலியைக் கூட்டினாள்.

“உட்காருங்க,” என்றாள். “உங்க குரல் இனிமேதான் வருது.”