உமரி குடித்த உப்பு

இது நான் பார்த்ததல்ல. உப்பளத்தில் வேலை செய்யும் என் அத்தைக்கு யாரோ சொல்ல, அத்தை எனக்குச் சொன்னது.

கடலோரத்தில், உப்பு படிந்த தரவை வெளியில் ஒற்றை உமரிச்செடி நின்றது. பேச்சுத்துணைக்கு ஒரு புல்லும் கிடையாது. ஒருநாள், மணல்மேட்டு இராவணன்மீசைப் புல்லின் முள்பந்து ஒன்று காற்றில் உருண்டு வந்து அதன்மேல் முட்டி நின்றது. பந்து முழுக்க விதை.

"இங்கேயே இருந்திரேன், தம்பி," என்றது உமரி.

"இருக்கலாம்க்கா. ஆனா உங்க மண்ணு இப்படிக் கரிக்குதே. என் விதை முளைக்குமா?"

"உப்புதானே? அதை நான் குடிச்சுக்கிடுதேன்."

அன்றிலிருந்து உமரி வேர் வலிக்கக் குடித்தது. இலைகள் தடித்தன, பிறகு சிவந்தன.

"என்னக்கா, இப்படிச் சிவந்துட்டீங்க?"

"வெயிலுப்பா. மண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்லைக்கா," என்றது பந்து, காற்று வரும் பக்கம் பார்த்தபடி.

ஒரு மாலை பெருங்காற்று அடித்தது. பந்து சொல்லிக்கொள்ளாமலே உருண்டு போனது. இன்னும் கொஞ்சம் வேகமாகக் குடித்திருந்தால் இருந்திருப்பான் என்று நினைத்தபடி உமரி குடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு, தாவரவியல் படித்த தோழியிடம் விசாரித்தேன். உமரி உப்பை இலையில்தான் சேர்த்து வைக்குமாம். உப்பு நிறைந்த இலைகள் சிவந்து உதிர்ந்து, அதன் காலடி மண்ணிலேயே விழுமாம்.