சம்பந்தியின் வயது

மகள் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அம்மா, வேறு நாட்டிலிருந்து முதன்முதலாக வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பது அவள்தான்.

“சம்பந்தியம்மாவுக்கு என்ன வயசுன்னு கேளுடி,” என்றாள் அம்மா.

அந்த நாட்டில் பெண்களிடம் வயதைக் கேட்டால் அதோடு உறவே முறிந்துபோகும். மகள் வந்தவரிடம் திரும்பி, அவருடைய மொழியில், “பிரயாணம் சௌகரியமா இருந்ததான்னு அம்மா கேக்கறாங்க,” என்றாள். அவர் சிரித்தபடி ஏதோ சொன்னார்.

“அறுபத்தஞ்சாம்,” என்று மகள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

“வீட்டுக்காரர் ஏன் கூட வரலையாம்?”

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “காபி இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேக்கறாங்க,” என்றாள்.

வந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். அம்மாவைப் பார்த்து, அம்மாவின் மொழியிலேயே நிதானமாகச் சொன்னார்.

“அறுபத்தஞ்சு இல்லைங்க, அம்பத்தெட்டுதான். ஆறு மாசமா உங்க பாஷை படிக்கறேன்.”

மகளுக்கு முகம் வெளுத்தது.

“அவர் விட்டுட்டுப் போய் பன்னிரண்டு வருஷமாச்சு. எங்க ஊர்ல இதெல்லாம் கேக்கறது தப்பு. யாருமே கேக்கல. நானும் யார்கிட்டயும் சொல்லல.”

அம்மா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இப்ப சொல்லுங்க. நீ போய் காபி போடுடி.”

மகள் போட்ட காபி ஆறிப்போனது. இரண்டு மணி நேரமாகியும் அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் நிம்மதியாகச் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.