மறுப்போர்

"மறுப்போர் 'இல்லை' என்க."

சொல்லிவிட்டுப் பேரவைத் தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆளுங்கட்சி. முதல் முறை எம்.எல்.ஏ.

எதிர்ப்பக்கத்து இருக்கைகள் காலி. வேறெதற்கோ கோபித்துக்கொண்டு எதிர்க்கட்சிக்காரர்கள் காலையிலேயே வெளிநடப்புச் செய்துவிட்டார்கள். அவர்கள் இருந்திருந்தால் ஒரு பேரிரைச்சல் எழும்பியிருக்கும். அதற்குள் தன்னுடைய 'இல்லை'யையும் போட்டுவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தாள்.

இப்போது சபை அமைதியாக இருந்தது.

யார் சொன்னாலும் கேட்கும்.

மசோதா சின்னதுதான். தண்ணீர் விநியோகத்துக்காக நகராட்சிகள் கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தம் காலாவதியாகிப் போயிருந்தாலும், புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பழையது உயிரோடு இருப்பதாகவே கருதப்படும். புதியது எப்போது கையெழுத்தாக வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

அவளுடைய வெள்ளாங்கரை நகராட்சியில் ஒப்பந்தம் பங்குனியோடு முடிந்திருந்தது. அது முடிந்தபின் கம்பெனி வேண்டாம், நாமே நடத்திக்கொள்வோம் என்று முன்கூட்டியே தீர்மானம் கொண்டுவந்தவள் மேட்டுத்தெரு கவுன்சிலர் அன்னக்கொடி. இத்தனை வருஷத்தில் கம்பெனித் தண்ணீர் அந்த மேட்டுக்கு ஏறியதே கிடையாது. அவளும் அன்னக்கொடியும் வீடு வீடாகப் படியேறி ஆதரவு திரட்டினார்கள். அந்த நடையில்தான் அவள் எம்.எல்.ஏ. ஆனாள்.

"ஒப்பந்தம் முடியட்டும். பொறவு உங்க வாசல்ல தண்ணி."

ஓட்டுக் கேட்டபோது அவள் சொன்னது இதை மட்டும்தான்.

காலையில் அன்னக்கொடி போன் செய்திருந்தாள்.

"ஏட்டி, இன்னைக்குத்தானே? தெருவே டிவி முன்னால இருக்கு. நல்லாச் சத்தமாச் சொல்லு."

சபைக்குள் நுழையும்போது கட்சியின் கொறடா கூடவே நடந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. சிரித்த முகம்.

"உங்க ஊர் நிலவரம் எனக்குத் தெரியும்மா. ஆனா அடுத்த தடவையும் நீங்க நிக்கணும்ல. பாத்துக்குங்க."

அவள் வாயைத் திறந்தாள்.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை.

மூன்றெழுத்து.

பக்கத்து இருக்கைக்காரர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"மசோதா நிறைவேறியது."

மேசைகள் அதிர்ந்தன.

ஆம் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை ஏன் எரிகிறது என்று குனிந்து பார்த்தாள்.

அவள் கையும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். வீட்டுக்குப் போகாமல் காரை நேரே மேட்டுத்தெருவுக்கு விடச் சொன்னாள்.

ஏச்சு வாங்கத்தான் போனாள். வாயில என்னட்டி கொழுக்கட்டையா வச்சிருந்த என்று அன்னக்கொடி கேட்பாள். தெருவே கூடும். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நின்று கேட்டு, அழுதும் தீர்த்துவிடலாம். அப்புறம் வழக்கம்போல இரண்டு பேரும் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்று பேசலாம்.

அன்னக்கொடி உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். முந்தானையால் துடைத்தும் விட்டாள்.

"உக்காருங்க."

யாரைச் சொல்கிறாள் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

"அன்னம்... என்னைய ரெண்டு வார்த்த ஏசிருட்டி."

"எதுக்கு? சட்டம்னு வந்துட்டு. நீங்க என்ன செய்வீங்க, பாவம்."

குரலில் கோபம் இல்லை. தேடிப் பார்த்தாள். இல்லவே இல்லை.

தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹார்ன் கேட்டது. அன்னக்கொடி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

"இருங்க, பிடிச்சிட்டு வந்துருதேன்."

அவள் இருக்கவில்லை. சுவரோரம் கிடந்த இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கார் டிரைவர் பதறி ஓடிவந்தார். வேண்டாமென்று கையசைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். தனக்கு முன்னால் நின்றவளின் தோளைத் தொட்டாள்.

ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக விலகினார்கள். லாரி வரைக்கும் வழி திறந்தது.

"நீங்க முதல்ல பிடிச்சிட்டுப் போங்கம்மா."

அன்னக்கொடியும் ஒதுங்கி நின்றாள்.