நடுமுள் ரத்தம்

மாந்தல் மீனின் குரோமோசோம்களில் இரண்டு எப்போதோ ஒட்டி ஒன்றாகிவிட்டன என்று நிரூபிப்பதுதான் ரெஜினியின் ஆராய்ச்சி. அதற்கு மீனின் சிறுநீரகம் வேண்டும். செத்து நேரமான மீன் உதவாது. இரண்டு முறை தோற்றாயிற்று. இந்த வாரமும் முடியவில்லையென்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். துறைமுகத்தில் மீன் வெட்டும் தேசம்மா இன்று வாளியில் மூன்றை உயிரோடு வைத்திருந்தாள். வாளியை ஏற்றிப்போக ரெஜினி ஆட்டோ பிடித்துத் திரும்புவதற்குள் மூன்றும் தோலுரிந்து, தலை போய், வெள்ளையாகப் பலகையில் கிடந்தன.

“ஏன்க்கா வெட்டின?”

“உசுரோட கேட்டது ருசிக்குன்னு நெனச்சேன். மாந்தலைத் தோலோட எவ எடுத்துனு போவா? மத்தவங்களுக்கு நடுமுள்ளுல ஒட்டின ரத்தத்தை அப்படியே வுட்டுடுவேன். உனக்குன்னுதான் கண்ணு நகத்தால சுரண்டுனேன். அஞ்சு நிமிசங்கூட ஆவல.”

“அந்த ரத்தந்தான்க்கா சிறுநீரகம்.”

தேசம்மா குடல் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பூனை வாயை நக்கிக்கொண்டிருந்தது. கை கழுவத் தண்ணீர் பக்கம் திரும்பினாள். ரெஜினி சட்டென்று அந்தக் கையைப் பிடித்தாள். கட்டைவிரல் நகத்துக்கடியில் சிவப்பாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கண்ணாடிக் குழாயைத் திறந்து, ஊசிமுனையால் மெல்ல வழிக்கத் தொடங்கினாள்.

“கூசுதுடீ. என் அழுக்கும் சேந்து வந்துரப்போவுது.”

“வரட்டும்க்கா. கையை ஆட்டாத.”