நான்கு விநாடி

மறுபடியும் அணைந்துவிட்டது.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விசிறி சுழல்கிறது. விளக்கு எரிகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவ்வளவுதான்.

சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டாள். அதே நான்கு விநாடி.

நேற்று சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடியது. திருநெல்வேலியில் பாகம் பாகமாக வாங்கி, மூன்று நாள் குனிந்து உட்கார்ந்து, தன் கையால் பூட்டிய கம்ப்யூட்டர். ஓடியதைப் பார்க்க வீட்டில் ஈ காக்கை இல்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள்.

இன்று காலை அம்மாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள்.

மானம் போயிற்று.

அம்மா உடனே மெல்போர்னுக்குப் போன் போட்டாள். அங்கே அண்ணன் தயாளன். இங்கே குழாய் ஒழுகினாலும் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். அம்மாவுக்குத் தலைவலி வந்தால் தைலம் தேய்ப்பது இவள். தேய்க்கச் சொன்ன அண்ணனுக்குப் பேர்.

வயிறு எரிந்தது. இன்று நேற்று எரிவதா அது?

ரேமைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டினாள். ஒவ்வொரு வயராகப் பிடுங்கி அழுத்திச் சொருகினாள். ஒரே ஒரு தடவை, ‘உன் தங்கச்சியே சரி பண்ணிட்டாய்யா’ என்று அம்மா அந்தப் போனில் சொல்ல வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

விரல் பவர் பட்டனில் பட்டது. உள்ளே போன பட்டன் அப்படியே நின்றிருந்தது.

காலையில் குளித்த ஈரத்தோடு வந்து அம்மா வைத்த சந்தனம், குங்குமம். புது மிஷினுக்குப் பொட்டு. சரியாகப் பட்டன் மேல், தாராளமாக. இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிட்டது. பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் நான்கு விநாடியில் அணையத்தான் செய்யும்.

சொல்லிவிடலாம்.

“சாமி கும்பிட்டுப் பொட்டெல்லாம் வச்சேனேய்யா, இப்பிடிப் பண்ணுதே,” என்று அம்மா போனில் புலம்பிக்கொண்டிருந்தாள். குரல் கம்மியிருந்தது.

இவள் தன் துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இடுக்கைச் சுரண்டினாள். பட்டன் வெளியே வந்தது.

“பின்னாடி ஒரு சுவிட்சு இருக்கும். அத ஒருக்கா அணைச்சுப் போடச் சொல்லும்மா,” என்றான் அண்ணன், போன் ஸ்பீக்கரில்.

போட்டாள். பட்டனை அழுத்தினாள்.

ஐந்து. ஆறு. பத்து.

திரையில் வெளிச்சம் வந்தது.

“எய்யா, நீ வாயத் தொறந்ததுதான் தாமதம், ஓடிட்டுய்யா!”

அம்மா போனை இவள் கையில் திணித்தாள். “அண்ணன்ட்ட ஒரு வார்த்தை பேசு.”

ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தாள்.

“ஏ பிள்ள,” தயாளன் குரலைத் தாழ்த்தினான். “சும்மா அணைச்சுப் போட்டா இது சரியாவாதே. நீதான் என்னமோ பண்ணிருக்க. என்ன பண்ணே?”

இவன் ஒருத்தன். நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டான்.

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீ சொன்னதத்தாண்ணே பண்ணேன்,” என்றாள், சத்தமாக.