கோபம் பார்க்கும் கதவு

“கோபமில்லாதவங்க எதுக்கும்மா கோர்ட்டுக்கு வரப்போறாங்க?” என்று மாவட்டக் கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது, காவலர் அமுதவல்லி சிரித்துவிட்டாள். நீதிமன்றத்தைப் புதுப்பிக்கையில், கோபக்காரர்களுக்குத் திறக்காத இந்தக் கதவைக் கேட்டு வாங்கியவளே அவள்தான்.

இன்று, மனைவியை எரித்ததாக வழக்குள்ளவன் வந்தான். “வணக்கம் மேடம், சாப்டாச்சா?” கதவு திறந்தது. பின்னால் வந்த அவன் மாமியார், எரிந்துபோனவளைப் பெற்ற பேச்சியம்மாளுக்குத் திறக்கவில்லை.

“கொஞ்சம் ஆறி வாங்கம்மா.”

“போன வாய்தாவுக்கும் இதத்தான சொன்ன? இன்னைக்கு நான் சாட்சி சொல்லலேன்னா அவன விட்ருவாவளாம். நீ தொறந்து விடேன் தாயி.”

சாவி அமுதவல்லியின் இடுப்பில்தான் இருந்தது. மேலே கேமராவும் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்ளே டவாலி பேச்சியம்மாளின் பெயரை மூன்று முறை கூவி ஓய்ந்தார். பேச்சியம்மாளின் தோள்கள் தளர்ந்தன. அப்போது கதவு திறந்தது. அவள் படியிறங்கிப் போனாள்.